கிளாசிக் ராக் உண்மையிலேயே உயர்ந்ததா, நமக்கு வயதாகிவிட்டதா?

கேள்வி இதுதான்: “எனக்கு 54 வயது. லெட் ஜெப்லின், பிங்க் ஃபிலாய்ட், குயீன் என்று கேட்டு வளர்ந்தவன். என் மகளுக்கு 19. நான் ஒரு பாட்டைப் போட்டால் மரியாதைக்கு இரண்டு நிமிடம் உட்காருவாள், பிறகு எழுந்து போய்விடுவாள். அவள் கேட்பது எனக்கு இசையாகவே படவில்லை. இசையின் தரம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா, அல்லது எனக்கு வயதாகிவிட்டதா? எங்கள் தலைமுறையோடு இந்தப் பாட்டுகள் முடிந்துவிடுமா?”

உங்கள் கவலை முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. எனக்கும் அதே கவலை இருந்தது, நானும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரன். அங்கே போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பீட்டில்ஸ் பிரிந்தது 1970-இல். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்ததும் அதே ஆண்டில். பிங்க் ஃபிலாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973 மார்ச்சில் வந்தது. லெட் ஜெப்லினின் டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்தார், டிசம்பரில் குழு கலைந்தது. அப்போது உங்களுக்குப் பத்து வயது நிரம்பியிருந்தாலே அதிகம். குயீன்தான் உங்கள் பதின்ம வயதில் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களை நீங்கள் ஆசையாகக் கேட்கத் தொடங்கிய நாளில் அவை ஏற்கெனவே பழைய பாட்டுகள். உங்களைவிட மூத்த யாரோ ஒருவர் அவற்றை உங்கள் காதில் போட்டிருக்கிறார். ஓர் அண்ணனோ, மாமாவோ, நண்பனின் அக்காவோ, வானொலியோ. அதாவது நீங்கள் “எங்கள் காலத்துப் பாட்டு” என்று சொல்வது உங்கள் காலத்துப் பாட்டு அல்ல. கைமாறி வந்த சொத்து.

இதை உங்களை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்ட அன்றுதான் என் கவலை பாதியாகக் குறைந்தது. என் கதையும் இதுவே. என் அண்ணன் பதிவு செய்து வைத்திருந்த 60 நிமிடக் கேசட் ஒன்றில்தான் நான் பிங்க் ஃபிலாய்டைக் கேட்டேன். ஒரு பக்கம் முடியும்போது கிதார் சோலோவின் நடுவில் டேப் டக்கென்று நின்றுவிடும். பல ஆண்டுகள் அந்தப் பாட்டு அங்கேயே முடிகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கு முழுப் பாட்டையும் கேட்டாலும் அந்த இடம் வரும்போது மனம் ஒரு கணம் நின்று, பிறகுதான் நகர்கிறது.

சரி, இந்தச் சொத்தை உங்கள் கைக்கு யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? பெரும்பங்கு அமெரிக்க எஃப்எம் வானொலிக்கு உண்டு. 1960-களின் நடுவில் அங்கே ஒரு விதி வந்தது. பெரிய நகரங்களில் ஒரே உரிமையாளர் ஏஎம், எஃப்எம் இரண்டையும் வைத்திருந்தால் ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் முழுக்க ஓட்டக் கூடாது. எஃப்எம் கேட்பவர்கள் அன்றைக்குக் குறைவு, விளம்பரங்களும் குறைவு. திடீரென்று நிரப்ப வேண்டிய நேரம் ஏராளமாகக் கிடைத்தது. அந்த இடைவெளியில்தான் 1967-இல் சான் பிரான்சிஸ்கோவின் கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் டாம் டோனஹ்யூ என்ற அறிவிப்பாளர் புகுந்தார். மூன்று நிமிட ஹிட் பாட்டுகளை விட்டுவிட்டு, ஆல்பங்களின் உள்ளே கிடந்த நீளமான பாட்டுகளை ஒலிபரப்பினார். அந்த வழக்கம் நாடெங்கும் பரவி, 1970-களில் ஆல்பம் ராக் நிலையங்கள் என்று ஒரு வகையே உருவானது. எட்டு நிமிடப் பாட்டு ஒன்று தனி இசைத்தட்டாக வெளிவராமலே அமெரிக்கா முழுக்க மனப்பாடமானது என்றால் அதற்கு இதுதான் காரணம். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ அப்படிப் பரவிய பாட்டு.

‘கிளாசிக் ராக்’ என்ற பெயர் நிலைத்தது இதற்கெல்லாம் பிறகுதான். 1980-களின் நடுவில், ஃப்ரெட் ஜேக்கப்ஸ் போன்ற வானொலி ஆலோசகர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பாட்டுக் காணொளிகளைக் காட்டும் எம்டிவி 1981-இல் தொடங்கி, புதிய பாட்டுகள் சிந்தசைசர் பக்கம் நகர்ந்துவிட்டன. 1960-களிலும் 70-களிலும் இளைஞர்களாக இருந்தவர்கள் இப்போது சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழைய பாட்டு வேண்டும். ஆகவே புதியது எதுவுமே போடாத நிலையங்கள் வந்தன. சில நூறு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே சுழற்றிச் சுழற்றிப் போட்டார்கள். ஜெப்லினோ டீப் பர்ப்பிளோ ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தபோது ‘கிளாசிக்’ எதையும் செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டம் பின்னால் வந்த ஒரு சல்லடை கொடுத்தது. அந்தச் சல்லடையில் கறுப்பினக் கலைஞர்கள் பெரும்பாலும் நழுவிப் போனார்கள், ஹென்ட்ரிக்ஸ் போன்ற ஓரிருவர் மட்டும் தங்கினார்கள். ராக் இசையின் அடித்தளமே அவர்களுடையது என்பதால் இது எனக்கு இன்றைக்கும் வலிக்கும் விஷயம்.

1969-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வுட்ஸ்டாக் இசை விழா நடந்த ஆண்டு. ஜெப்லினின் முதல் இரண்டு ஆல்பங்கள், பீட்டில்ஸின் ‘அபே ரோட்’ எல்லாம் வந்த ஆண்டு. அந்த ஆண்டின் முதலிடப் பாட்டு என்று பில்போர்ட் பத்திரிகை ஆண்டு முடிவில் அறிவித்தது எது தெரியுமா? ‘சுகர், சுகர்’. பாடியது ஆர்ச்சீஸ், அதாவது ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் கற்பனைக் குழு. அதே நேரத்தில் ஜெப்லினின் முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகை விமர்சனத்தில் கிழித்துப் போட்டது. நம் நினைவில் இருக்கும் 1969 வேறு, அன்றைக்கு வாழ்ந்தவர்கள் வானொலியில் தினமும் கேட்ட 1969 வேறு. ஐம்பது ஆண்டுகள் வடிகட்டிய பிறகு எஞ்சியதை ஒரு தட்டிலும், நேற்று வெளியான மொத்தத்தையும் இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

வயது பற்றிய பாதிக்கு வருகிறேன். இதில் நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 1989-இல் மாரிஸ் ஹால்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாட்டுத் துணுக்குகளைப் போட்டு மதிப்பெண் கேட்டார்கள். மனிதர்கள் சராசரியாகத் தங்களுக்கு 23 அல்லது 24 வயதிருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகளையே அதிகம் விரும்பினார்கள். பின்னால் 2018-இல் ஸ்பாட்டிஃபை தரவுகளை அலசிய நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்று அந்த வயதை இன்னும் கீழே இறக்கியது. ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 13 வாக்கில் வெளிவந்த பாட்டுகளே பெரியவர்களான பின்பும் அதிகம் ஒட்டியிருக்கின்றன என்றது. எண்களில் வேறுபாடு இருந்தாலும் திசை ஒன்றுதான். நினைவைப் பற்றி ஆராய்பவர்களும் இதையே சொல்கிறார்கள். பத்திலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள் மற்ற எந்தப் பருவத்தையும்விட அடர்த்தியாகத் தங்குகின்றன. முதல் காதல், முதல் தோல்வி, வீட்டை விட்டு முதல் முறை வெளியே போனது எல்லாம் அப்போதுதான். பாட்டு அந்த நினைவுகளோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தலைமுறையும் தன் கூண்டுக்குள் அடைபட்டதுதான் என்று தோன்றும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதற்கு மாறான ஒன்றைக் கண்டுபிடித்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸ்லும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-இல் வெளியிட்டது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு 1955 முதலான அரை நூற்றாண்டுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். சொந்தக் காலத்துப் பாட்டுகள் அதிகம் ஒட்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அது நடந்தது. ஆனால் வரைபடத்தில் இன்னொரு மேடு எழுந்தது. அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கம். அதற்கும் முன்னால், 1960-களிலும் ஒரு மேடு. வீட்டில் யாரோ போட்டுக்கொண்டிருந்த பாட்டு, கேட்கிறோம் என்று தெரியாமலே அந்தப் பிள்ளைகளுக்குள் இறங்கியிருந்தது. அந்த ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘அடுக்கடுக்காக இறங்கும் நினைவு மேடுகள்’.

உங்கள் மகள் இரண்டு நிமிடத்தில் எழுந்து போனாள் என்று வருத்தப்படுகிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அடுத்த அறையிலும் காரிலும் அவள் கேட்டுக்கொண்டிருந்த மணிநேரங்களை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது தரம். இதில் நான் நழுவ மாட்டேன், என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: சில விஷயங்கள் உண்மையிலேயே குறைந்திருக்கின்றன, ஆனால் ‘இசை செத்துவிட்டது’ என்பது தவறு.

2012-இல் ஸ்பெயினின் ஜோன் செர்ரா தலைமையிலான குழு 1955 முதல் 2010 வரையிலான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கணினியில் ஆராய்ந்தது. சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும் விதத்தில் பன்மை குறைந்திருக்கிறது, ஒலியின் நிறம் ஒரே மாதிரியாகிக்கொண்டு வருகிறது, சத்த அளவு ஏறிக்கொண்டே போகிறது என்று முடிவு வந்தது. “பார்த்தீர்களா, அறிவியலே சொல்லிவிட்டது” என்று நம் வயதுக்காரர்கள் எல்லாரும் அதைப் பகிர்ந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து லண்டனில் மத்தியாஸ் மாக் குழு, 1960 முதல் 2010 வரை அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் இடம்பிடித்த சுமார் 17,000 பாட்டுகளை வேறொரு முறையில் அலசியது. படிப்படியாக ஒரே மாதிரியாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை என்றது. 1964, 1983, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் இசை திடீரென்று மாறியது, அவற்றில் மிகப் பெரியது ஹிப்ஹாப் மேலே வந்த 1991 என்றது. பன்மை மிகவும் குறைந்திருந்தது எப்போது தெரியுமா? 1980-களின் நடுவில். நீங்களும் நானும் பதின்ம வயதில் இருந்தபோது. அப்போது நாம் பின்னால் திரும்பி 1970-களைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆய்வுகளை விடுங்கள், காதுக்கே தெரிவதைச் சொல்கிறேன். பழைய ராக் பதிவுகளில் தாளம் மூச்சு விடும். நான்கு பேர் ஓர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். பல்லவி வரும்போது உற்சாகத்தில் வேகம் லேசாக ஏறும், பிறகு தணியும். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாங்கி டாங்க் விமன்’ 1969 பதிவைக் கேளுங்கள். தொடங்கிய வேகத்தைவிட முடியும் வேகம் தெளிவாக அதிகம். யாரும் அதைத் திருத்தவில்லை, திருத்தவும் வழியில்லை. இன்றைக்குப் பெரும்பாலான பதிவுகள் ஒரு கிளிக் ஓசைக்கு ஏற்ப வாசிக்கப்பட்டு, பிறகு கணினியில் கட்டத்துக்குக் கட்டம் நேராக்கப்படுகின்றன. சுருதியும் அப்படித்தான், சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருள் 1997-இலேயே வந்துவிட்டது. தவறு போனது, கூடவே அந்தத் தடுமாற்றத்தில் இருந்த உயிரும் கொஞ்சம் போனது. இதை இழப்பு என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது, பொறுமை. பிங்க் ஃபிலாய்ட் 1975-இல் வெளியிட்ட ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ பாட்டில் முதல் சொல் காதில் விழ எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த எட்டு நிமிடமும் ஒரு நண்பனை நினைத்து ஏங்கும் கிதாரும் சிந்தசைசரும்தான். இன்னொரு பக்கம், 1986 முதல் 2015 வரை அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த பாட்டுகளை ஓர் ஆய்வாளர் அளந்து பார்த்தார். தொடக்க இசையின் சராசரி நீளம் இருபது விநாடிக்கு மேல் இருந்ததிலிருந்து ஐந்து விநாடிக்குச் சுருங்கியிருந்தது. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அடுத்த பாட்டுக்குத் தாவ ஒரு விரல் போதும். இப்படிப்பட்ட இடத்தில் எட்டு நிமிடம் காத்திருக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் இதைப் பிள்ளைகளின் குணக்கேடாகப் பார்க்காதீர்கள். பாத்திரத்தின் வடிவத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். 1949-இல் வந்த 45 சுழற்சி இசைத்தட்டு பொதுவாக ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் தாங்கும். 1963-இன் ‘ஷீ லவ்ஸ் யூ’ பாட்டைக் கேளுங்கள். தொடக்க இசையே கிடையாது, டிரம்ஸ் உருண்டதும் நேராகப் பல்லவிதான், இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதை யாரும் கவனக்குறைவு என்று சொல்லவில்லை. நீளமான ராக் பாட்டு பிறந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும் எல்பி இசைத்தட்டு, அதை அப்படியே ஒலிபரப்பிய எஃப்எம், வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைக்கும் வசதி என்ற மூன்றும் சில ஆண்டுகள் ஒன்றாகக் கூடியதால்தான். அது எப்போதும் இருந்த நிலை அல்ல. நடுவில் வாய்த்த ஒரு பொற்காலம். அது வாய்த்ததற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

உங்கள் கேள்வியின் இதயம் இனிதான் வருகிறது. பாட்டு எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. இதை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன், எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

1927-இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துப் பாய்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள், அதில் கறுப்பினத் தொழிலாளர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. இரண்டு ஆண்டு கழித்து, 1929-இல், மெம்பிஸ் மின்னி என்ற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) கலைஞரும் அவருடைய கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும் அந்த வெள்ளத்தைப் பற்றி ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். இரண்டு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’, அதாவது ‘கரை உடையும்போது’.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடல் கடந்து இங்கிலாந்தில், ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் பாடகர் ராபர்ட் பிளான்ட் அந்தப் பாட்டைத் தன் குழுவான லெட் ஜெப்லினுக்குக் கொண்டுவருகிறார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் பதிவு. பான்ஹமின் டிரம்ஸை மாடிப்படி ஏறும் உயரமான கூடத்தில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டார். அந்தக் கல் கூடத்தின் எதிரொலி முழுவதும் உள்ளே வந்தது. முதல் அடி விழும்போது வெள்ளமே கதவைத் தட்டுவதுபோல் இருக்கும். 1971-இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பாட்டை எழுதியவர்கள் வரிசையில் மெம்பிஸ் மின்னியின் பெயரும் போட்டிருந்தார்கள். ஜெப்லின் எப்போதும் இப்படி நேர்மையாக இருந்ததில்லை. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்கு ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985-இல் வழக்குப் போட்ட பிறகுதான் அவருக்கு உரியது கிடைத்தது. அந்தக் குழுவை உயிராக நேசிப்பவன் நான், அதனாலேயே இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்த டிரம்ஸ் அங்கேயே நிற்கவில்லை. 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்ஹாப் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அந்த அடியையே வெட்டி எடுத்து அடித்தளமாக வைத்தது. பிறகு எத்தனையோ பேர் எடுத்தார்கள். 2016-இல் பியான்சே தன் ‘லெமனேட்’ ஆல்பத்தில், துரோகத்துக்கு எதிராகக் கொதிக்கும் ஒரு பாட்டில் மறுபடி அதைப் பயன்படுத்தினார். வெள்ளத்தைப் பற்றிய பாட்டைக் கணவரோடு பதிவு செய்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் தொடங்கியது, இங்கிலாந்து மாளிகையின் படிக்கட்டு வழியாக, எண்பத்தேழு ஆண்டு கழித்து இன்னொரு கறுப்பினப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. நடுவில் யாரும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிட்டுப் போனார்கள்.

உங்கள் மகள் கேட்பது உங்களுக்கு இசையாகப் படவில்லை என்கிறீர்கள். அவள் கேட்பதற்குள் பான்ஹமின் கால் மிதித்த அதே அடி இருக்கலாம்.

நம் ஆட்கள் இப்படிக் காதை மூடிக்கொண்டதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. முந்தைய தலைமுறையின் பெரிய பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1957-இல் ராக் அண்ட் ரோலைக் கடுமையாகத் திட்டினார். மூன்றே ஆண்டில், ராணுவத்திலிருந்து திரும்பிய ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கே அழைத்து, அவர் பாட்டை இவரும் இவர் பாட்டை அவரும் பாடினார்கள். அது இனிமையான முடிவு. இனிமையில்லாததும் நடந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி மைதானத்தில், பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். ராக் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் புகுந்தார்கள், இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும் ஒருபால் ஈர்ப்பினரும் வளர்த்த இசை. வெறும் இசை ரசனை மட்டும் அன்றைக்கு அங்கே வெடிக்கவில்லை என்பது பலருக்கும் பின்னால்தான் உறைத்தது. ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்ற எண்ணம் எனக்குள் தலைகாட்டும்போதெல்லாம் நான் அந்த மைதானத்தை நினைத்துக்கொள்கிறேன்.

பீட்டில்ஸ் இதற்கு நேர் எதிர். பால் மெக்கார்ட்னியின் அப்பா இளமையில் ஒரு ஜாஸ் குழு நடத்தியவர், வீட்டில் பியானோ வாசிப்பார். 1967-இன் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தில், உலகமே புதுமை என்று கொண்டாடிய பாட்டுகளுக்கு நடுவில், அறுபத்து நான்கு வயதாவதைப் பற்றி அப்பா காலத்து மெட்டில் ஒரு பாட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த மெட்டை மெக்கார்ட்னி போட்டது பதின்ம வயதில். அப்பாவின் பாட்டு அவருக்குள் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

முடிந்துவிடுமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால், சில விஷயங்கள் முடியும். 2017-இல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்ற இடத்தை ராக்கிடமிருந்து ஆர் அண்ட் பி, ஹிப்ஹாப் எடுத்துக்கொண்டன. அது திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை. வாசித்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிளாக் சபாத் குழு கடைசி முறையாக மேடை ஏறியது. எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடிய அதன் பாடகர் ஓஸி ஆஸ்பார்ன் பதினேழே நாளில் மறைந்தார். அந்தக் காணொளியை என்னால் இன்னும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் வரிசைக் குழுக்கள் பல, நல்ல குழுக்கள், நம்மோடு மறைந்துவிடும். எந்தக் காலத்துக் கலைக்கும் நடப்பதுதான் அது.

ஆனால் முதல் வரிசை நிற்கிறது, அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் நாம் அல்ல. குயீனின் ‘பொஹிமியன் ராப்சடி’ 1975-இல் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி இறந்தபின் 1991-இல் மறுபடி முதலிடம். 1992-இல் ஒரு நகைச்சுவைப் படத்தில் நான்கைந்து இளைஞர்கள் காருக்குள் தலையை ஆட்டிக்கொண்டு அதைப் பாடினார்கள், அமெரிக்காவில் இரண்டாம் இடம். 2018-இல் ஃபிரெடியின் கதை படமானதும் மறுபடி பட்டியலுக்குள். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘டிரீம்ஸ்’ 1977-இல் வந்தது. ஒருவர் ஸ்கேட்போர்டில் பழச்சாறு குடித்தபடி மிதந்துபோன சின்னக் காணொளி ஒன்றால் 2020-இல் திரும்பவும் பட்டியலுக்குள் நுழைந்தது. 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாகக் கேட் புஷ்ஷின் 1985 பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே தொடரில் வந்த மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டு நிமிடத்துக்கு மேல் நீளமானது, 1986-இல் வந்தது. 2022-இல்தான் முதன்முதலாக அமெரிக்காவின் ஹாட் 100-க்குள் நுழைந்தது. அப்படிக் கொண்டுவந்தவர்களில் நம் மகள்களும் மகன்களும் எத்தனையோ பேர். இந்தப் பிள்ளைகளுக்கு நீளமான பாட்டைக் கேட்கப் பொறுமை இல்லை என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். “இன்றைக்கு அமெரிக்காவில் கேட்கப்படும் இசையில் சுமார் 70 சதவீதம் பழையது” என்ற செய்தியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் ‘பழையது’ என்றால் வெளியாகி 18 மாதம் ஆனதெல்லாம் சேர்த்தி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஹிப்ஹாப் பாட்டும் அதற்குள்தான் வரும். நம் பக்கத்துக்கு அதைச் சாட்சியாக அழைக்க வேண்டாம். இசைத்தட்டு விற்பனை வேறு கதை. 2022-இல் அமெரிக்காவில் எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. வாங்கியவர்களில் இளைஞர்கள் கணிசம், அவர்கள் புதிய பாடகர்களின் தட்டுகளையும் வாங்குகிறார்கள். ஒரு தட்டை எடுத்து வைத்து, ஊசியை இறக்கி, இருபது நிமிடம் அசையாமல் உட்காருவது என்ற பழக்கமே திரும்புகிறது. நீங்கள் ஏங்குவதில் பாதி அந்தப் பழக்கத்துக்காக என்பது என் எண்ணம்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் என் வீட்டில் பலன் தந்ததைச் சொல்கிறேன். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ போட்டுத் தொடங்காதீர்கள். பாதிப் பாட்டு வரை டிரம்ஸே வராது, அதற்குள் அவள் எழுந்துவிடுவாள். ‘இம்மிக்ரன்ட் சாங்’ போடுங்கள், இரண்டரை நிமிடம்தான், முதல் விநாடியிலிருந்தே பாய்ச்சல். கைபேசியில் போடாதீர்கள். நல்ல ஸ்பீக்கரில், பேஸ் நெஞ்சில் இறங்குகிற சத்தத்தில் போடுங்கள், இந்த இசை அதற்காகத்தான் பதிவானது. பாட்டு ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். நான் பல வருடம் செய்த தவறு அது. “இந்த இடத்தைக் கேள், இந்த இடத்தைக் கேள்” என்று சொல்லிச் சொல்லியே என் பிள்ளைகள் கேட்க விடாமல் செய்திருக்கிறேன்.

ஒரு நாள் பேர் எதுவும் சொல்லாமல் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டின் முதல் சில விநாடிகளை மட்டும் போட்டு நிறுத்துங்கள். எங்கேயோ கேட்டது போல் இருக்கிறது என்று அவள் சொன்னால், அது எங்கே என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு அவளுக்குப் பிடித்த ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாமல் கடைசி வரை உட்காருங்கள். முடிந்ததும் அதில் அவளுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள், அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள்.